எரிகிற அடுப்புக்கு ஒரு கட்டை

கொல்லையில் இரண்டாவது அடுப்பு புகைந்ததைப் பார்த்ததும் அந்த ஊரிலேயே முதலில் கவலைப்பட்டவன் நான்தான். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு அது மூன்று வேளைச் சாப்பாடு.

நான் அங்கே பாலம் கட்டப் போனவன். ஆறு என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஓர் ஓடையின் மேல், லாரி போகிற அளவுக்கு ஒரு பாலம். சிமெண்டு வந்தால் கம்பி வராது. கம்பி வந்தால் மழை வரும். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. நானும் காவல்காரர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, அவர் மனைவி கையால் சாப்பிட்டு, வந்தபோது இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். அவரை அண்ணன் என்பேன், அவளை அக்கா என்பேன். இருவருக்கும் நான் தம்பி. ஊருக்குப் பாலத்துக்காரர். பாலம் இல்லாத பாலத்துக்காரர் என்று டீக்கடையில் சொல்வதும் என் காதில் விழாமல் இல்லை.

அண்ணனுக்குக் காட்டுக் காவல். அக்காவுக்குக் கரி மூட்டம், அதாவது மரத்தை அடுக்கி மண்ணால் மூடி உள்ளுக்குள் கனலவிட்டுக் கரி எடுப்பது. வீட்டு முன்வாசலில் அவருடைய ரப்பர் பூட்ஸ், தடி, விசில். பின்வாசலில் அவளுடைய சாக்குகள், சல்லடை, நீளக் கைப்பிடி போட்ட வாரி. முன்பக்கம் காட்டைக் காப்பாற்றிப் பின்பக்கம் எரிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேலி செய்தேன். அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எரிக்கல தம்பி, வேக வைக்கறேன். எரிச்சா சாம்பல்தான் மிஞ்சும்," என்றாள்.

காடு ஊர்ச் சங்கத்தின் கையில் இருந்தது. அதைப் பங்கு பங்காகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பங்கைத் திறப்பார்கள். திறந்த பங்கில் மரத்தை வேரோடு சாய்க்கக் கூடாது. முட்டி உயரத்தில் வெட்ட வேண்டும். அடுத்த மழைக்கு அந்த வெட்டுக்கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்த்துவிடும். சுற்று முடிந்து அந்தப் பங்கு மறுபடி திறக்கும்போது துளிரெல்லாம் தொடைத் தடிமனுக்கு வந்திருக்கும். ஊரார் விறகுக்கு வெட்டுவார்கள். மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்கிறவள் அக்கா ஒருத்திதான். மற்றவர்களுக்கு அதற்கான பொறுமை கிடையாது.

சங்கத்தில் ஓட்டு என்பது விறகுக்கட்டை. ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்றும் இல்லை, அடுப்புக்கு ஒன்று. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியாகச் சமைத்தால் இரண்டு கட்டை. கூட்டத்தன்று கட்டையைக் கொண்டுவந்து 'சரி' குவியலிலோ 'வேண்டாம்' குவியலிலோ போட வேண்டும். முடிவு சொன்ன பிறகு இரண்டு குவியலையும் சேர்த்துக் கொளுத்தி எல்லோருக்கும் டீ போடுவார்கள். தோற்றவன் கட்டையில் கொதித்த டீயை ஜெயித்தவன் குடிப்பான். நல்ல ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

முன்பு ஒருவர் மாட்டுக் கொட்டகைக்குள் அங்கங்கே மூன்று மூன்று கல் வைத்து, எல்லாம் என் பிள்ளைகள் அடுப்பு என்று பொய்க்கணக்குக் காட்டியிருக்கிறார். அதைக் கண்டுபிடித்துச் சந்தி சிரிக்க வைத்தது நம் அண்ணன்தான். அதோடு விடாமல் ஒரு விதியும் போட வைத்தார். கூட்டத்தன்று காலையில் சங்கத் தலைவர் வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பலில் கை வைத்துப் பார்ப்பார். சுட்டால் கட்டை உண்டு, சுடாவிட்டால் இல்லை. தலைவருக்குத் தையல் தொழில். ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன விரல் என்பதால் அவருக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை.

இப்படி இருந்த ஊருக்கு டேப்பம்மா வந்தார். காடுகளைக் கார்பன் சந்தையில் சேர்த்துவிடுகிற ஓர் அமைப்பில் அவருக்கு வேலை. எந்நேரமும் கழுத்தில் அளவு டேப் தொங்கும். எதிர்ப்படுகிற மரத்தை நெஞ்சு உயரத்தில் கட்டிப்பிடித்து அளப்பார். பெயர் சொல்லித்தான் அறிமுகமானார், ஆனால் டேப் ஜெயித்துவிட்டது.

தையல் கடையில் வைத்து விளக்கினார். மரம் வளரும்போது காற்றில் இருக்கிற கார்பனை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. வெட்டாமல் விட்டால் அது அங்கேயே இருக்கும். அதற்கு வெளியே சிலர் பணம் கொடுப்பார்கள். "யாருக்கும் கட்டாயம் இல்ல. அவங்க இஷ்டப்பட்டு வாங்கறாங்க, நீங்க இஷ்டப்பட்டா விக்கலாம்," என்றார். சேர்ந்தால் முப்பது வருடத்துக்குப் பச்சை மரத்தில் கத்தி படக்கூடாது. தானாக விழுந்ததைப் பொறுக்கி அடுப்பெரிக்கலாம். மூட்டம் கூடாது.

தையல்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஊரில் ஒரு நர்ஸ் உட்கார ஓர் அறை வேண்டும் என்று அவர் நடையாய் நடந்தவர். அண்ணனுக்கும் ஆசை இருந்தது. காவலுக்கு அவர் ஒருத்தர்தான். சேர்ந்தால் கூட நாலு பேருக்குச் சம்பளம் போடலாம். அந்தப் பக்கம் அக்கா ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடாதவற்றின் வரிசையில் கடைசியாக வந்தது அவளுடைய பிழைப்பு. ஆனால் அவள் முகத்தில் நான் பார்த்தது கோபம் இல்லை, புரிந்துகொள்கிற ஆவல். எனக்கும் அதே ஆவல்தான். செய்யாமல் இருப்பதற்கு ஒருவன் காசு கொடுப்பான் என்றால், என் பாலத்தை யாரிடம் விற்கலாம் என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் அண்ணன் டேப்பம்மாவைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். சிமெண்டு வரவில்லை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். முந்தின நாள் பெய்த மழையில் இலைக்குப்பை கால் வைத்த இடமெல்லாம் அமுங்கியது. அண்ணன் அன்று துவைத்த சட்டை போட்டிருந்தார். எங்கே மரம் பருமனோ அங்கேயாகக் கூட்டிப்போனார். திறந்த பங்குப் பக்கம் கால்கூட வைக்கவில்லை.

"பாருங்கம்மா. என் காவல்ல ஒரு குச்சி வெளிய போகாது," என்றார்.

"யாருமே வெட்டறதில்லையா?"

"யார் வெட்டுவா? கத்தியைத் தீட்டற சத்தம் கேட்டாலே நான் போய் நிப்பேன்."

"இனிமேலும் அப்படித்தான் இருக்குமா?"

"நான் இருக்கற வரைக்கும் அப்படித்தான்."

டேப்பம்மா டேப்பைச் சுருட்டினார். அவருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது தெரிந்தது. "ஐயா, நீங்க செஞ்சது பெரிய காரியம். ஆனா எங்க கணக்கு வேற மாதிரி. வெட்டப்போற மரத்தை வெட்டாம விட்டாத்தான் அதுக்குக் காசு. எப்படியும் நிக்கப்போற மரத்துக்கு யாரும் கொடுக்க மாட்டாங்க. உங்க காடு எப்படியும் நிக்கும்னா, நாங்க விக்கறதுக்கு இங்க என்ன இருக்கு?"

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வாழ்நாள் பெருமையை டேப்பம்மா பணிவாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். "அப்ப நான் காவலே காக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"கூடுதலா கிடைச்சிருக்கும்," என்றார் டேப்பம்மா. "நியாயம் இல்லதான். எனக்கும் தெரியுது."

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அண்ணன் திடீரென்று பாதையை மாற்றி இறங்கினார். திறந்த பங்கு வந்தது. வெட்டுக்கட்டைகள் வெளுப்பாகத் தெரிந்தன. அதற்கு அப்பால் மண் பூசிய பெரிய மேடு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. மேட்டுக்கு மேல் அக்கா நின்று, அமுங்கின இடத்தில் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தாள். மூட்டம் உள்ளே வேக வேக மேல்தோல் உட்காரும். உட்காரும் இடத்தில் உடனே மண் போடாவிட்டால் காற்று புகுந்து கரியெல்லாம் சாம்பலாகிவிடும். போன மழைக்காலத்தில் அப்படி ஒரு மேல்தோல் உடைந்து அவள் கால் முட்டிவரை உள்ளே போயிற்று. அண்ணன்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அந்தக் காலை இப்போதும் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள்.

அண்ணன் கையை நீட்டி அவளைக் காட்டினார். "இதோ இருக்கு. இவ வெட்டறா."

டேப்பம்மா மூட்டத்தைப் பார்த்தார், வெட்டுக்கட்டைகளைப் பார்த்தார். அவர் குரலில் உற்சாகம் திரும்பியது. "இப்ப கணக்கு வருது. இது வருஷா வருஷம் நடக்குதா? இதை நிறுத்தினா எவ்வளவு மிச்சம்னு போடலாம்."

அக்கா மேட்டிலிருந்து இறங்கி வந்து, கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டேப்பம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் இருக்கறதாலதான் விலையே வருதா?"

"ஒரு வகையில ஆமாம்மா."

"வாங்கறவங்க யாரு?"

"ஃபேக்டரி வச்சிருக்கறவங்க, ஃபிளைட்ல ரொம்பப் போறவங்க. அவங்க விடற புகையில குறைக்க முடியாதது போக மிச்சம் இருக்குல்ல, அதுக்கு ஈடா வாங்குவாங்க."

"குறைக்க முடியாததா, குறைக்க மனசு இல்லாததா?"

டேப்பம்மா சிரித்துவிட்டார். "ரெண்டும் இருக்கு. ஆள் பார்த்துத்தான் நாங்க விக்கறோம், ஆனா சத்தியம் பண்ண முடியாது."

"என் புகையை நிறுத்தி அவங்க புகையை விட்டுக்கறாங்க."

"புகை மட்டும் இல்ல, மரமும் நின்னு வளரும். அது நிஜமான நல்லதும்தான்."

"சரி. முப்பது வருஷம் முடியறதுக்குள்ள காடு தீப்பிடிச்சா?"

"அதுக்குன்னு ஒரு பங்கை விக்காம ஒதுக்கி வைப்போம்."

அக்கா தலையாட்டினாள். ஒதுக்கி வைப்பது அவளுக்குப் புரிகிற விஷயம். "நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்கீங்க," என்றாள் மனதார. பிறகு மேட்டின் மேல் ஏறிக்கொண்டாள்.

அன்று மாலை அவித்த கிழங்கும் வெங்காயம் போட்ட முட்டையும். எனக்கு இன்னொரு முட்டை கேட்கலாமா என்று யோசனை. அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"நம்ம அடுப்புக் கட்டையை எதுல போடப்போறீங்க?"

"சரியிலதான்," என்றார் அண்ணன்.

"என்னைக் கேக்கலையே."

"இதுல கேக்க என்ன இருக்கு? எப்பவும் நான்தானே போடறேன்."

"எப்பவும் பாதைக்கு வேலி போடறதா, கிணத்தைத் தூர் வாரறதான்னு இருக்கும். இது என் வேலை."

"வயசாகுதுல்ல உனக்கு. எத்தனை நாளைக்கு மூட்டத்து மேல ஏறிட்டு இருப்ப?"

"வயசு எனக்கு மட்டும்தான் ஆகுதா?"

"பேச்சுக்குப் பேச்சு பேசாத. ஊருக்கு நல்லது நடக்கப்போகுது."

"நடக்கட்டும். நான் தடுக்கல. ஆனா தம்பிக்கு முன்னாடி, வெளியூர்க்காரி முன்னாடி, இவதான் வெட்டறவன்னு கையைக் காட்டினீங்க பாருங்க. திருடனைக் காட்டற மாதிரி. நான் சங்கத்துல கேட்டு, திறந்த பங்குல, சொன்ன உயரத்துல வெட்டறேன். இத்தனை வருஷம் நீங்கதான் பக்கத்துல நின்னு உயரம் பார்த்தீங்க."

அண்ணன் முகம் தப்பு செய்தவர் முகம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் தப்பு என்று ஒத்துக்கொள்வதற்குப் பதில் எழுந்து போய் பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

விடிந்ததும் கொல்லையில் புகை. கரிச் சாக்கு அடுக்குகிற கொட்டகைக்கு முன்னால் அக்கா புதிதாக மூன்று கல் வைத்து, மண் அணைத்து, அடுப்பு மூட்டியிருந்தாள். பாத்திரம் பண்டமெல்லாம் அங்கே இடம் மாறியிருந்தது.

"தம்பி, இது என் அடுப்பு. எனக்கு ஒரு கட்டை வேணும், அதுக்குத்தான். அவர் கட்டையை அவர் போட்டுக்கட்டும், என் கட்டையை நான் போட்டுக்கறேன். நீங்க எந்த அடுப்புல சாப்பிடப் போறீங்க?"

"சமைக்கிற அடுப்புலக்கா," என்றேன். என் கொள்கை அவ்வளவு தெளிவானது.

ஊர் இரண்டுபட்டது. அறுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று கிணற்றடியில் பேச்சு. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் போட்டு அழுதாள். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீரை ஆய்ந்தபடி பதில் சொன்னது எனக்குக் கேட்டது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. உங்கப்பாவோடதான் இருக்கேன். அடுப்பு மட்டும்தான் தனி. மாப்பிள்ளைகிட்ட சொல்லு, வந்து பஞ்சாயத்து பண்ண வேணாம்னு. வந்தா சாப்பாடு உண்டு, எந்த அடுப்புன்னு அவரே பாத்துக்கட்டும்."

அண்ணன் முதல் நாள் வீறாப்பாக முட்டை அவிக்கப் போனார். தண்ணீர் வற்றியதுகூடத் தெரியாமல் பாத்திரத்தின் அடியைத் தீய்த்துவிட்டு வெளியே வந்தார். அதன் பிறகு டீக்கடை ரொட்டியும் டீயும்தான். ஆள் இளைத்துப் போனார். அக்கா அதைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். ஒருநாள் என் தூக்குச்சட்டி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

"கொஞ்சம் கூட வச்சிருக்கேன். போற வழியில அவர் எங்கயாவது உக்காந்திருப்பார். நான் கொடுத்தேன்னு சொல்லாதீங்க."

"வேற யார் கொடுத்தாங்கன்னு சொல்றது?"

"நீங்க சமைச்சதுன்னு சொல்லுங்க."

காட்டு முகப்பில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பயறும் கிழங்கும் சோறும் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். "நல்லா சமைக்கறீங்க தம்பி," என்றார் தரையைப் பார்த்தபடி. அதிலிருந்து தினமும் அதே நாடகம். நான் என் கைப்பக்குவத்துக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன்ணே, அக்கா பிழைப்பைக் கெடுத்துதான் ஊருக்கு நல்லது நடக்கணுமா?"

"உங்களுக்குப் புரியாது தம்பி."

"புரியாததாலதான் கேக்கறேன்."

தூக்குச்சட்டியை ஓடையில் அலசிக் கவிழ்த்தார். "அவகிட்ட சொல்லி ஆகாது. எழுத்துல இருந்தா ஆகும்," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

இதற்கிடையில் அக்காவின் மூட்டம் வெந்துகொண்டிருந்தது. வெள்ளையாகக் கிளம்பிய புகை மெல்ல மெல்ல மெலிந்து நீலம் கட்டியது. நீலம் வந்தால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தம். உடனே அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிட வேண்டும். ஒரு துளை அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது, நான் அடைத்தேன். மண்ணின் சூடு உள்ளங்கையில் ஏறி ஒரு மணி நேரம் போகவில்லை. இவள் இதில் என்ன சுகம் கண்டாள் என்று அதிசயமாக இருந்தது.

"பிடிச்சுத்தான் செய்யறீங்களாக்கா?"

யோசித்தாள். "கண்ணுக்குத் தெரியாம உள்ள ஒண்ணு நடக்குது. புகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். பிரிக்கற அன்னிக்கு என்ன வந்திருக்குன்னு பாக்கறவரைக்கும் எனக்கு இருப்பு கொள்ளாது. இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அப்படியேதான் இருக்கு. அதை எதுக்கு விடணும்?"

கூட்டத்தன்று விடியற்காலையிலேயே தையல்காரரும் அண்ணனும் அடுப்புப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் விதியில் கறார். ஓரத்து வீட்டுக்காரர் சாம்பல் வெதுவெதுப்பாக இருந்ததற்கே, நேற்று ராத்திரிச் சூடா இன்று காலைச் சூடா என்று குறுக்கு விசாரணை செய்தாராம். எல்லா வீடும் முடித்துக் கடைசியாக அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் பாதி பின்னாலேயே வந்தது.

தையல்காரர் கொல்லை அடுப்பில் விரலை வைத்து வெடுக்கென்று எடுத்தார். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பு அது.

"சுடுது. வேற யாராவது இதுல சாப்பிட்டிருக்காங்களா?"

"நான் சாப்பிட்டேன்," என்றேன். "தினமும்."

"அது ஊருக்கே தெரியுது," என்று என் வயிற்றைப் பார்த்தார். "சரி, தனி அடுப்புதான். ஒரு கட்டை உண்டு." தையல்காரர் பழக்க தோஷத்தில் அப்படியே வீட்டுக்குள் நுழைந்து சமையலறை அடுப்பிலும் கை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா, சில்லுன்னு இருக்கு."

அண்ணன் தானும் கை வைத்தார். சாம்பலுக்கு அடிவரை விரலை விட்டார். அந்த வீட்டு அடுப்பு கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்லாமலே எரிந்துகொண்டிருந்தது. யாரோ மூட்டினால்தான் எரியும் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை. ஊர் அடுப்பையெல்லாம் தொட்டுப் பார்த்தவர் தன் அடுப்பை மறந்துவிட்டார்.

"இத்தனை நாள் எங்க சாப்பிட்ட?" என்றார் தையல்காரர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தூக்குச்சட்டியைப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"அவ அடுப்புலதான்," என்றார் அண்ணன்.

"அப்ப இந்த வீட்டுல எரியற அடுப்பு ஒண்ணுதான். அது அவளோடது. விதி நீ போட்டதுதானே, நான் என்ன பண்ணட்டும்?"

கொட்டகையிலிருந்து அக்கா ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஜெயித்த முகம் இல்லை. அவருக்குச் சமமாக ஒரு கட்டைதான் அவள் கேட்டது. கிடைத்ததோ வீட்டின் முழுக் கட்டையும். அதன் பாரம் நடையில் தெரிந்தது. அண்ணன் வெறுங்கையோடு பின்னால் வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சங்கத்து மரத்தடியில் இரண்டு குவியலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வளர்ந்தன. ஊரில் பாதிப் பேர் நர்ஸ் அறை பக்கம், பாதிப் பேர் கத்தி பக்கம். கடைசியாகப் பார்த்த அடுப்பு என்பதால் கடைசிக் கட்டையும் அக்காவுடையது. இரண்டு குவியலுக்கும் நடுவே போய் நின்றாள். போடவில்லை. திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக் கட்டை இது. நீங்க என்னைக் கேக்கல, நான் உங்களைக் கேக்கறேன். எதுக்கு வேணும்னு சொல்லுங்க. ஊருக்கு நல்லதுன்னு சொல்லாதீங்க, அது தையல்காரர் சொல்லிட்டார். உங்களுக்கு எதுக்கு வேணும்?"

அண்ணன் நெடுநேரம் தடியைத் தேடுவதுபோல் கையைப் பிசைந்தார். தடி வீட்டில் இருந்தது.

"அன்னிக்கு உன் கால் உள்ள போச்சுல்ல," என்று ஆரம்பித்தார். குரல் சரியாக வரவில்லை. "நான்தான் தூக்கினேன். அந்தச் சூடு இன்னும் என் முதுகுலயே இருக்கு. மூட்டம் புகையற நாள்ல எனக்குக் காவல்ல புத்தி நிக்கறதில்ல. மேல நிக்கறாளா, நிக்கறாளான்னு எட்டி எட்டிப் பாத்துட்டே இருக்கேன். பயமா இருக்கு. நிறுத்துன்னு சொன்னா நீ கேக்க மாட்ட. முப்பது வருஷத்துக்குக் கூடாதுன்னு ஒரு சட்டம் வந்தா கேப்பன்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"நிறுத்துன்னு எப்ப சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"சொல்லல."

"பயமா இருக்குன்னாவது சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் கொஞ்ச நேரம் கட்டையைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு டேப்பம்மாவிடம், வழக்கமான அந்த ஆவலோடு கேட்டாள்.

"ஒரு சந்தேகம்மா. இவர் கேட்டுக்கிட்டாருன்னு நானே மூட்டத்தை விட்டுட்டேன்னு வச்சுக்குவோம். ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே. அப்ப உங்க கணக்கு என்ன ஆகும்?"

டேப்பம்மா மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. "அப்ப விக்கறதுக்குப் பெரிசா ஒண்ணும் இருக்காதும்மா. எப்படியும் நின்னுபோற வெட்டுக்கு விலை கிடையாது."

அக்கா அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"கேட்டீங்களா? ராத்திரி சாப்பிடறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இவங்க இங்க வந்து வாங்கறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது. புருஷன் பொண்டாட்டி பேசி முடிக்க வேண்டியதை முப்பது வருஷத்துக்குக் காட்டுத் தலையில கட்டப் பாத்தீங்களே."

கட்டையை 'வேண்டாம்' குவியலில் வைத்தாள். வீசவில்லை, குனிந்து வைத்தாள். தையல்காரர் இரண்டு குவியலையும் எண்ணிவிட்டு, ஒன்றுதான் வித்தியாசம் என்றார். நர்ஸ் அறைக்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது. அது எனக்கும் வருத்தம்தான். டேப்பம்மா உட்கார்ந்து எல்லோரோடும் டீ குடித்துவிட்டு, மனசு மாறினால் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் புறப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடையில் நின்றார். பிறகு கொல்லைக்கு வந்து கொட்டகை ஓரம் குந்திக்கொண்டார்.

"அப்ப மூட்டம்?" என்றார்.

"விடறேன்னு நான் சொல்லல. விட்டா என்ன ஆகும்னு கேட்டேன்."

"அப்ப விட மாட்டியா?"

"பிடிச்ச வேலை. விடச் சொல்றது நீங்க, விடறது நான். நான் யோசிக்கணும்."

அண்ணன் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "யோசிக்கற வரைக்கும் மேல நான் ஏறறேன். நீ கீழ நில்லு."

"எங்க கால் வைக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. சொல்லு."

"சொன்னா கேப்பீங்களா?"

உடனே ஆமாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேர்மையாக யோசித்தார். "கேக்கப் பாக்கறேன்," என்றார்.

அக்கா இரண்டு தட்டுகளை எடுத்து வைத்துக் கஞ்சியை ஊற்றினாள். முதல் தட்டை அவளே எழுந்து போய் அவர் கையில் கொடுத்தாள்.